பன்னிரண்டாம் திகதி

அத்தியாயம் 11

"உம்மா, மாமிக்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. இண்டைக்கே. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்."

கஞ்சிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"உங்களுக்குக் கேட்டதுதானே உம்மா."

இந்த வீட்டில் நான் எதையும் கேட்கலாம். படிக்கக் கேட்டேன், ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ பட்டம் என்று ஒன்றை வாங்கியது நான்தான் முதல். வேலைக்குப் போகக் கேட்டேன், வாப்பா மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டுத் தலையாட்டினார். இதை மட்டும் கேட்கக் கூடாது. நிச்சயம் பேசி முடிந்த அன்றிரவு குர்ஆன் இருக்கும் அலுமாரிக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இந்தக் கதை இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டப்படாது" என்று உம்மா சொல்லியிருந்தார்.

மூன்று மாதமாக அது தாண்டவில்லை. நேற்று இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்த கையோடு ஜெஸீமா மாமி ஃபோன் கோல் எடுத்தார். "றுக்கியா மச்சி, நாளைக்கு நோன்பு திறக்க உங்கட வீட்டுக்கு வாறன். ஒரு விசயம் கதைக்கோணும்." அவ்வளவுதான். உம்மா விடியப்புறம் ஸஹர் சாப்பாடு வரைக்கும் படுக்கவில்லை.

மாமி என்கிறேனே தவிர இன்னும் மாமியாகவில்லை. பெருநாள் கழிந்ததும் அவருடைய மகன் ஃபாஹிமுக்கும் எனக்கும் நிக்காஹ்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நாள் குறிக்க முன்னம் ஒரு கேள்வி உண்டு. ஆண்கள் முன் அறையில் மண்டபத்தையும் புரியாணியையும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் எழும்பி மெல்லச் சமையல் குசினிக்குள் வருவார். குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கு நாள் எப்ப?" என்பார். அந்த நாட்களை விலத்தித்தான் நிக்காஹ் வைப்பார்கள். மாமி கேட்டபோது உம்மா கண் வெட்டாமல் பதில் சொன்னார்.

"பன்னெண்டாம் திகதி. மணிக்கூடு மாதிரி."

மணிக்கூடு ஒக்டோபரிலேயே நின்றிருந்தது.

எனக்கு இருப்பது பிசிஓஎஸ். சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் ஸ்கேனில் தெரிந்தன. ஹோர்மோன் குழம்பிவிட்டது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வரும், நான்கு மாதத்துக்கு ஒருதரம் வரும், வந்தால் பதினைந்து நாள் நிற்காது. நாடியில் முடி. எழுபத்தெட்டுக் கிலோ. கிளினிக்கில் சிங்கள டொக்டர் நோனா, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு, படம் வரைந்து காட்டினார். "நங்கி, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் விட்டுவிடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் கர்ப்பப்பை உள்ளுக்குள் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதில்லை. வரவைக்கக் குளிசை தருகிறேன். நட. சோற்றைக் குறை. நான்கு கிலோ குறைந்தாலே உன் உடம்பு பதில் சொல்லும்."

நான்கு கிலோ. நான் ஐந்து குறைத்தேன். விடிய சுபஹ் தொழுதுவிட்டுப் பாலாவிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்புவேன். உப்பு லொறிக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், நான் பார்க்க மாட்டேன். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் அடுத்தடுத்து ஒழுங்காக வந்தது. இரண்டு மாதம் தொடர்ந்து வந்த சந்தோசத்தில் தங்கச்சி ஸும்ராவுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு நிச்சயப் பேச்சு வந்தது. "பொம்புளை ரோட்டுல நடக்கிறா" என்று மாமி வீட்டிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். நடை நின்றது. "குளிசை குடிச்சாக் கர்ப்பப்பை வத்திப் போகும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, உம்மா குளிசையை எடுத்து ஒளித்தார். கிளினிக் நின்றது. ஐந்து கிலோவும் வந்த வழியே வந்து சேர்ந்தது.

பொய் சொன்ன உம்மா ஒன்றை யோசிக்கவில்லை. நடுவில் நோன்பு வருகிறது.

நோன்பு மாதத்தில் ஒரு பெண்ணுடைய நாளை யாரும் வாய் விட்டுக் கேட்கத் தேவையில்லை. மாதவிடாய் வந்தவள் தொழவும் மாட்டாள், நோன்பு பிடிக்கவும் மாட்டாள். மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்கான தராவீஹ் நடக்கிறது. வரிசையில் நின்றால் சுத்தம். இல்லாவிட்டால் 'தொழுகை இல்ல'. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் இருபத்தைந்து இரவும் நின்றேன். பன்னிரண்டாம் திகதி நின்றேன். பதின்மூன்று நின்றேன். நேற்றுப் பதினான்கு, மாமிக்கு இரண்டு பேர் தள்ளி நின்றேன்.

"நீ ஏன் புள்ள நேத்தும் போன?" உம்மாவின் குரல் உடைந்திருந்தது. "நான் கண்ணைக் காட்டினனே."

"தொழப் போனது குற்றமா உம்மா? வராத ஒண்டை வந்தது எண்டு வச்சுக்கொண்டு வீட்டுல படுக்கிறதா?"

உம்மா எழும்பினார். குசினிக் கதவைச் சாத்தினார். மூடி வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பாண், பருப்பு, ஒரு அவித்த முட்டை.

"சாப்பிடு."

நான் பீங்கானைப் பார்த்தேன். உம்மாவைப் பார்த்தேன். ஸும்ராவைச் சுமந்த வருடம் விட்ட நோன்புகளை அடுத்த வருடமே, பால் கொடுத்துக்கொண்டே, ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தவர். காய்ச்சலோடு கிடந்தாலும் தண்ணீர் வாயில் வைக்க மாட்டார்.

"மாமி வரக்குள்ள நீ நோன்பில்லாம இரிக்கோணும். நேத்துத் தொழுது முடிஞ்ச பிறகுதான் வந்தது எண்டு சொல்லலாம். ரெண்டு மூணு நாள் பிந்துறது எல்லாருக்கும் உள்ளதுதானே."

"சும்மா வாயால சொன்னாப் போதாதா? நோன்பை முறிக்கோணுமா?"

"உனக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சியில தெரிஞ்சுரும்." உம்மா பீங்கானை இன்னும் கிட்டத் தள்ளினார். "பாவம் எனக்கு. மறுமையில நான் பதில் சொல்லிக்கொள்ளுவன். நீ தின்னு, மகள்."

பாணையும் அவரே பிய்த்து வைத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு பொய் இந்த மனுசியை எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது.

என்னை லாத்தா என்று கூப்பிடுகிற தங்கச்சி ஸும்ரா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்பவள், வாய் மட்டும் ஓயாது. என்னைப் பார்த்தாள், பீங்கானைப் பார்த்தாள், தூக்கினாள்.

"மூணு நாளாத் தொழுகை இல்லாம நான் ஒருத்தி இரிக்கிறன். எனக்கு ராத்திரி மிஞ்சின சோறு. வராத லாத்தாக்கு முட்டையா?"

"ஸும்ரா, அதை வை."

"லாத்தா நோன்பு உம்மா. உங்களுக்கு மறந்து போச்சு போல." கதவுக்குப் பின்னால் குந்தி, முட்டையை முழுசாக வாயில் போட்டாள்.

உம்மா அகப்பையை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

•

வாப்பா பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். ஆலங்குடாப் பக்கம் கருவாடு காயப்போடும் வாடி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வாடிதான். உம்மா ஏற்கனவே ஃபோனில் சொல்லிவிட்டார் என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

"றுக்கியா, உன்ட மகளுக்குச் சொல்லு."

'உன்ட மகள்' ஆன நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன்.

"நான் இங்கதான் நிக்கிறன் வாப்பா."

"சொல்லு அவக்கு. தொண்ணூறுல யுத்தத்துக்குள்ள விரட்டிவிட, மன்னார்ல இருந்து உடுத்த உடுப்போட வந்தவங்க நாங்க. முப்பத்தஞ்சு வருசமா இந்த ஊர்ல எனக்குப் பேர் அகதி ஜெமீல். காணி வாங்கினன், வீடு கட்டினன். அப்பவும் அகதி ஜெமீல்ட வீடு. இந்த மண்ணுலயே பொறந்த ஒரு குடும்பம் முதல்முதல் எங்கக்கிட்டப் பொண்ணு கேட்டு வந்திருக்கு. அவங்கட சொந்தத்துல பாதிக்கு மேல இப்பவே கதைக்குது, வேற ஆள் கிடைக்கல்லயா எண்டு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"வாயை மூடிக்கொண்டு இரிக்கச் சொல்லு."

"வாப்பா, அஞ்சு மாசமா எனக்கு வரல்ல. உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது. குளிசையை ஒளிச்சு வச்சிருக்கிறாங்க. நாளைக்குக் கிளினிக். போகவா வேணாமா?"

வாப்பாவின் முகம் சிவந்தது. மகள் இதைத் தன் காதுபடச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பாரை மீனையும் அறுக்குளாவையும் அறுத்து உப்புப் போடுகிறவர், இரத்தம் என்ற சொல்லுக்கு வெட்கப்படுகிறார்.

"நோன்பாளி மேல கை வைக்கப்படாது எண்டு பார்க்கிறன்," என்றார். இந்த முறை என்னிடமே. "கலியாணம் முடியட்டும். பிறகு உன்ட புருசன்ட பாடு."

"புருசனுக்குச் சொல்லாம எப்பிடி வாப்பா அது புருசன்ட பாடாகும்?"

அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கே திரும்பிப் போய்விட்டார். இனி இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவார்.

நான் அறைக்குள் போனேன். ஃபோனை எடுத்தேன். ஃபாஹிமோடு இதுவரைக்கும் மூன்று முறை கதைத்திருக்கிறேன், மூன்று முறையும் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து. பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றை ஆலங்குடாவில் பார்த்துக்கொள்கிறார். மரியாதையாகக் கதைப்பார். சிரிப்பு வந்தால் அடக்க மாட்டார். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது.

எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன்.

'உங்களோடு நேரில் ஒரு விசயம் கதைக்கோணும். இண்டைக்கே.'

அனுப்பிவிட்டு அஸர் தொழுதேன். பதில் வரவில்லை.

•

மாமி ஐந்து மணிக்கு வந்தார், ஆட்டோ நிறையச் சாமானோடு. கட்லட், றோல்ஸ், ஒரு சட்டி வட்டிலப்பம். ஸும்ரா ஒவ்வொன்றாக இறக்கி வைக்க, மாமி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"புள்ள நோன்புலயும் மெலியல்லயே. பெருநாளைக்குள்ள ஒரு பத்துக் கிலோ குறைச்சா நிக்காஹ் உடுப்புக்கு லேசு."

"அதுக்குத்தான் நடந்தன் மாமி. நீங்கதான் ஆள் விட்டு நிப்பாட்டினீங்க."

"நிஃப்லா," என்றார் உம்மா.

மாமி சிரித்தார். கோபக்காரி இல்லை அவர். கோபக்காரியாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, உம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். ஸும்ரா கதவோரம் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"மச்சி, நான் சுத்தி வளைக்கல்ல. நீங்க பன்னெண்டு எண்டீங்க. நேத்துப் பதினாலு. புள்ள எனக்கு அங்கால நிண்டு தொழுகிறா. நான் அந்த வரிசையில இருபத்தஞ்சு நாளும் பார்க்கிறன், ஒரு நாள் விடல்ல."

"இந்த மாசம் கொஞ்சம் பிந்திட்டு மச்சி. நேத்து ராவுதான்…"

"இல்ல மாமி," என்றேன். "எனக்கு ஒக்டோபருக்குப் பிறகு வரல்ல."

உம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

மாமி என் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கே போகிறது என்று எனக்கு உடனே விளங்கியது.

"வேற ஏதும் இல்லையே, புள்ள?"

"வேற ஏதும் எண்டா? வாய் விட்டே கேளுங்க மாமி. இல்ல. இது ஒரு நோய், வருத்தம்." மேசை லாச்சியிலிருந்து ஸ்கேன் றிப்போட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "ரெண்டு வருசமா இரிக்கு. மருந்து குடிச்சு, உடம்பைக் குறைச்சாக் கட்டுப்படும். புள்ளை கிடைக்கும். சில பேருக்குச் சுணங்கும், சில பேருக்கு டொக்டர்ட உதவி வேணும். எனக்கு எப்பிடி எண்டு இப்பத் தெரியாது. உம்மா உங்களுக்குச் சொன்னது பொய்."

இவ்வளவுதான். மூன்று மாதம் தொண்டையில் கிடந்தது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாமி எழும்பிப் போவார், ஆட்டோவுக்கு ஆள் விடுவார், வட்டிலப்பச் சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன்.

மாமி றிப்போட்டை வாசிக்கவில்லை. அந்தக் கறுப்புப் படத்தை மட்டும் விரலால் தொட்டார்.

"இதே படம்தான்," என்றார். "என்ட றிஸ்மினாக்கும்."

றிஸ்மினா அவருடைய மூத்த மகள். கலியாணம் முடித்துத் திரும்பி வந்து வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ட மகளும் உன்னைப் போலத்தான், வாய் பொறுக்கமாட்டா. கட்டின மாப்பிள்ளைக்கு எல்லாத்தையும் சொன்னா. கலியாணம் முடிஞ்சு ஏழாம் மாசம் பெட்டியோட கொண்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போனான். போன கிழமை அவனுக்குப் புள்ளை பொறந்திருக்கு, வேற ஒருத்திக்கிட்ட. ஊரே இனிப்புத் திண்டது." மாமி முக்காட்டால் மூக்கைத் துடைத்தார். "அதால சொல்றன். உன்னை நான் விடல்ல. நல்ல புள்ள, படிச்ச புள்ள, விட மாட்டன். ஆனா ஃபாஹிமுக்கு இது தெரியப்படாது. நிக்காஹ் முடியட்டும், ஒரு புள்ளை பொறக்கட்டும்."

உம்மா கீழே உட்கார்ந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடிய ஐந்து நிமிடம் ஆகவில்லை, திட்டம் போடத் தொடங்கினார்கள்.

"நாளையில இருந்து அஞ்சு நாளைக்குத் தராவீஹ்க்கு விடாதீங்க மச்சி. எனக்கு மட்டுமில்ல, மற்றப் பொம்புளைகளுக்கும் கண் இரிக்கு."

"ஓம் மச்சி. நோன்பும் விடட்டும், பிறகு பிடிக்கலாம்."

"கிளினிக்குக்கு இப்ப வேணாம். அங்க வேலை செய்யிற ஒருத்தி ஃபாஹிம்ட கூட்டாளிட பொண்டாட்டி."

"குளிசையை நான் எடுத்து வச்சிட்டன்."

கலியாண வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் போடுகிற மாதிரி. காலையில் ஒருத்தியின் பொய்யாக இருந்தது, மாலையில் இரண்டு வீட்டுப் பொய்யாகிவிட்டது. நான் நடுவில் நிற்கிறேன், என் உடம்பைப் பற்றிய கதை என் தலைக்கு மேலால் போகிறது.

"மாமி, றிஸ்மினா லாத்தா இப்பக் கிளினிக் போறாங்களா?"

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"குளிசை குடிக்கிறாங்களா?"

"எதுக்கு இனி?"

அதை அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. மழை விட்ட பிறகு குடை எதுக்கு என்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

"எதுக்கா? மாசம் மாசம் வராம அவங்களுக்கு உள்ளுக்குத் தடிச்சுக்கொண்டு போகும் மாமி. சீனி வருத்தம் வரும். முப்பது வயசு அவங்களுக்கு. புருசன் போனா உடம்பும் போயிருமா?"

"நிஃப்லா, மரியாதையாக் கதை," என்றார் உம்மா.

"மரியாதையாத்தான் கேட்கிறன். அவங்களை அனுப்பினவன்ல பிழை. உண்மையைச் சொன்ன றிஸ்மினா லாத்தால என்ன பிழை? நீங்க அவங்களைத்தான் மூலைக்குள்ள இரித்தி வச்சிருக்கிறீங்க."

"உனக்கு விளங்காது புள்ள. நீ இன்னும் வாசல்ல போய் நிக்கல்ல."

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. ஃபாஹிம்.

'வாங்க. நான் விடுதியிலதான். எனக்கும் உங்கக்கிட்டச் சொல்ல ஒண்டு இரிக்கு. உம்மாக்குத் தெரிய வேணாம்.'

இரண்டு தரம் வாசித்தேன். அவருக்கும் ஒன்றா? என்ன அது? அவருடைய உம்மா என் முன்னால் உட்கார்ந்து மகனுக்கு எது தெரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மகன் உம்மாவுக்கு எது தெரியக் கூடாது என்று எனக்கு எழுதுகிறார்.

அவர் என்ன சொன்னாலும் என் முடிவு மாறப் போவதில்லை. அது 'எதுக்கு இனி' என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. நான் சொல்வதை அவர் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால், வேண்டாம். சரி என்றால், சரி. நாளைக்கு எட்டு மணிக்கு நான் கிளினிக்கில் வாங்குப் பலகையில் இருப்பேன். அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

அபாயாவை எடுத்துப் போட்டேன். மாமியின் மடியிலிருந்த றிப்போட்டை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன்.

"எங்க போற?" உம்மா எழும்பினார். "நோன்பு திறக்கிற நேரம்."

"ஆலங்குடாக்கு. ஆறு பத்துக்கு ஒரு பஸ் இரிக்கு."

ஸும்ரா கதவோரத்திலிருந்து ஒரு அடி விலகி வழி விட்டாள். ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்தாள்.

"பாங்கு சொல்லக்குள்ள பஸ்லதான் இரிப்பீங்க. கண்டக்டருக்கும் குடுங்க, இல்லாட்டி மிச்சக் காசு தர மாட்டான்."

உம்மா என் கையைப் பிடித்தார். இறுக்கமாகத்தான் பிடித்தார். நான் மற்றக் கையால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"வாப்பாக்கு நான் என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லுங்க உம்மா."

முன் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டேன். மாமி முக்காடு விலக, பின்னால் ஓடி வந்தார். நான் அவரைத் தலையில் துணி இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது.

"நிஃப்லா, நில்லு. அவன்கிட்டச் சொன்னா இந்தக் கலியாணம் நிக்கும்."

"நிக்கட்டும் மாமி," என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து ரோட்டுக்கு ஏறினேன்.